ராஜபக்சேவுக்கு ஓர் அளவுகோல், நம் தலைவருக்கு வேறோர் அளவுகோல்

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் மகிந்த ராஜபக்சேயின் பெயர் அடிபடாத ஒட்டுக்கடை பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்திருக்காது. வன்னியிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்களும் செம்பனைக் குலை தள்ளிவிட்டு வந்தவர்களும், வாங்கிய தே ஆறிப்போவது தெரியாமல் நாளிதழைப் பிடித்துக்கொண்டு கொதித்தார்கள். கோயில்களில் சிறப்பு வழிபாடு, மண்டபங்களில் கண்டனக் கூட்டம், கோலாலம்பூரில் இலங்கைத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம். அந்தக் கோபத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, போரின் கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்களின் எண்ணிக்கை 40 ஆயிரம் வரை இருக்கலாம் என்றது.

அதே ஆண்டின் தொடக்கத்தில், இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள கமுந்திங் தடுப்பு முகாமில் உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐந்து பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். மலேசிய இந்தியரின் உரிமை இயக்கமான இண்ட்ராஃப் 2007 நவம்பர் 25இல் நடத்திய பேரணிக்குப் பிறகு, டிசம்பர் 13ஆம் தேதி இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கையெழுத்திட்ட இரண்டாண்டு ஆணை மட்டும். அதே 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் ஓர் இளைஞர் இறந்தார். அந்த உடம்பின் படங்களையும் நாம் பார்த்தோம். 2013இல் உயர் நீதிமன்றம் அவருடைய குடும்பத்துக்கு 8 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது.

இந்த இரண்டுக்கும் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் பேச்சு இந்தப் பக்கம் திரும்பும்போது குரல் தாழ்ந்துவிடும். பேசுகிறவர் பக்கத்து மேசையை ஒரு தரம் பார்த்துக்கொள்வார். ராஜபக்சேவைப் பற்றிப் பேசும்போது யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

இதை இரட்டை வேடம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். நகரத்தில் படித்தவர்கள் பலர் தோட்டத்து மக்களை அப்படித்தான் எடைபோடுகிறார்கள். அது தவறு என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1974 முதல் ஒரே மனிதரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவந்த சுங்கை சிப்புட், 2008 மார்ச் 8ஆம் தேதி ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவை 1,821 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து, சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயகுமார் தேவராஜைத் தேர்ந்தெடுத்தது. சிலாங்கூரில், கமுந்திங்குக்குள் இருந்தபடியே மனோகரன் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். திரை மறைவில் ஓட்டுப் போடும்போது இருந்த தெளிவு, வெளிச்சத்தில் வாய் திறக்கும்போது ஏன் இல்லாமல் போனது? சொந்தத் தலைவரைப் பற்றி மக்களுக்குக் கருத்து இருந்தது. அதை வெளியே சொன்னால் கொடுக்க வேண்டிய விலையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த விலை பழையது. 1948 ஜூன் 16இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சுங்கை சிப்புட் பக்கத்தில்தான். பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் அதிலிருந்து பிறந்தது. 12 ஆண்டுகள் நீடித்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலி உயர்வு கேட்ட பேச்சுக்கும் கம்யூனிஸ்டு என்ற பட்டத்துக்கும் இடைவெளி எவ்வளவு குறைவு என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தது. அவசரகாலம் முடிந்த 1960இலேயே இசா வந்தது. 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டபோது, தோட்டத் தொழிலாளருக்காகப் பேசிவந்த வி.டேவிட், பி.பட்டு போன்றவர்களும் உள்ளே போனார்கள். 2011இல் இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான ஜெயகுமாரே, 1969இல் பிறந்த அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைத்து வைக்கப்பட்டார். மக்களிடம் பேராதரவு பெற்ற மருத்துவருக்கே இந்த நிலை என்றால், லயத்து வீட்டில் இருப்பவர் என்ன கணக்குப் போடுவார்?

சட்டம் பெரிய பயம். அது எப்போதாவது ஒருவர் தலையில்தான் விழும். அன்றாடப் பயம் வேறு. ஒரு சனிக்கிழமை காலை ஏதாவது ஒரு கட்சியின் சேவை மையத்துக்குப் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஒரு கோப்பு. அதற்குள் அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, சமூகநல இலாகா திருப்பி அனுப்பிய கடிதம். சிலரிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணிலேயே பிறந்திருந்தும் குடியுரிமை கிடைக்காதவர்கள். அங்கே கிடைப்பது ஒரு தாள், ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து: ஆதரவுக் கடிதம். மலிவு விலை வீட்டுக்கும் கடை லைசென்சுக்கும் பிள்ளையின் மேற்படிப்பு உதவிக்கும் அந்தக் கடிதம் போக வேண்டும். கோயில் கூரைக்கும் தமிழ்ப்பள்ளியின் இணைக் கட்டடத்துக்கும் மானியம் அந்த வழியாகத்தான் வரும். உரிமையாக மாவட்ட அலுவலகத்தில் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று, தலைவரின் தயவாக மாறி மேசையைத் தாண்டி வருகிறது. வாங்கியவர் கும்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார். அந்தத் தலைவரை அடுத்த வாரம் மேடையில் கேள்வி கேட்க அவரால் எப்படி முடியும்?

இந்தப் பழக்கத்தைத் தோட்டம்தான் கற்றுக்கொடுத்தது. வேலையும் வீடும் ஒரே துரையின் கையில். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியைப் பகைத்துக்கொண்டால் நல்ல மரங்கள் வெட்டக் கிடைக்காது. வேலை போனால் லயத்து வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது மக்கள் இடம் மாறினார்கள். ஆனால் துரை உட்கார்ந்த இடத்தில் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தார். தோட்டத்தை விற்ற கம்பெனியிடம் மாற்று வீடு கேட்டுப் பேசவும் அவரையே நம்ப வேண்டியிருந்தது. "ராஜபக்சேயத் திட்டுனா என்னாண்ண ஆவப் போவுது? இங்க உள்ளவரப் பேசுனா மவனுக்கு வேல கெடைக்காது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் விலை கொடுக்க வேண்டிய நிலையில் இல்லாதவர்களும் அதே மௌனத்தைக் கடைப்பிடித்தார்கள். அங்கேதான் கணக்கு வேறாகிறது.

அந்தக் காலத்துக் கண்டனக் கூட்டங்களுக்கு ஓர் அச்சு இருந்தது. மேடைக்குப் பின்னால் பதாகை. அதில் இறந்த குழந்தைகளின் படம் ஒரு மூலையில். நடுவில் ஏற்பாட்டாளரின் கட்சித் தலைவர், மாலையோடு, ஆளுயரத்துக்கு. பேச்சில் ராஜபக்சேவுக்குக் கொடுங்கோலன் என்ற பட்டம், ஐ.நா. சபைக்கு வேண்டுகோள், இந்திய அரசுக்குக் கண்டனம். கருணாநிதி ஏப்ரல் 27ஆம் தேதி மெரினாவில் சில மணி நேரம் உண்ணாவிரதம் இருந்து எழுந்ததைச் சொல்லித் துரோகி என்று முழங்குவார்கள். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். பிறகு தீர்மானம், தேநீர்.

2009 மே 27ஆம் தேதி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்புக் கூட்டம் நடந்தது. போரை முடித்ததற்காக இலங்கை அரசைக் கிட்டத்தட்டப் பாராட்டிய தீர்மானம் அங்கே 29க்கு 12 என்று நிறைவேறியது. ஆதரித்த 29 நாடுகளில் இந்தியா ஒன்று. மலேசியாவும் ஒன்று. 2012இலும் 2013இலும் இலங்கையைப் பொறுப்புக்கூறச் சொல்லித் தீர்மானங்கள் வந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. மலேசியா இரண்டு முறையும் நடுநிலை வகித்தது. அந்த ஆண்டுகள் முழுக்கத் தமிழ் அமைச்சர்கள் மலேசிய அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார்கள். கருணாநிதி என்ன செய்தார் என்று மணிக்கணக்கில் பேசத் தெரிந்த நம் வட்டாரத்தில், நம் அரசு கை தூக்கியது எந்தப் பக்கம் என்று கேட்ட கூட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை. இந்திய ஓட்டின் மேல் நமக்கு எந்தப் பிடியும் இல்லை. மலேசிய ஓட்டின் மேல் இருந்தது: ஒரு தொகுதி, ஓர் அமைச்சர், ஒரு நாடாளுமன்றக் கேள்வி. எட்டாத கதவை இடித்துக்கொண்டிருந்தோம். எட்டிய கதவைத் தட்டவில்லை.

வெளிநாட்டுக் கொடுங்கோலர் மீதான கோபம் உள்ளூர்த் தலைவருக்கு எவ்வளவு வசதியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்தக் கோபத்தை அவரே முன்னின்று நடத்தலாம். செலவு கிடையாது. மக்களோடு தோளோடு தோள் நின்றவர் என்ற பெயர் வரும். அந்த ஒரு மாலை நேரத்துக்கு, ம.இ.கா. தொடங்கிய மைக்கா முதலீட்டு நிறுவனத்தின் பங்கைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். 1980களில் ஏறக்குறைய 66 ஆயிரம் பேர், நகையை அடகு வைத்தும் சேமிப்பை உடைத்தும், 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்ட பணம் அது. 2010இல் கடைசியாக ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்று வாங்கிக்கொள்ள ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தபோது, கால் நூற்றாண்டு காத்திருந்தவர்களில் பலர் உயிரோடு இல்லை.

நாளிதழ்களின் பங்கையும் சொல்ல வேண்டும். அச்சகச் சட்டப்படி 2012 வரை ஒவ்வோர் ஆண்டும் உள்துறை அமைச்சிடம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987இல் மூன்று நாளிதழ்களின் உரிமம் ஒரே நாளில் பறிக்கப்பட்டதை எந்த ஆசிரியரும் மறக்கவில்லை. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' பல ஆண்டுகள் சாமிவேலுவின் குடும்பத்தாரிடமே இருந்தது. கடாஃபியையும் ராஜபக்சேவையும் முதல் பக்கத்தில் போட்டுத் தாக்குவதற்கு உரிமம் குறுக்கே நிற்கவில்லை. அதனால் வாசகர் உலகத்துக் கொடுமைகளை விவரமாகத் தெரிந்துகொண்டார். தம் நாட்டுத் தடுப்புக் காவலைப் பற்றி வாய்மொழியாகத்தான் கேள்விப்பட்டார்.

இது நம் சமூகத்துக்கு மட்டுமே உரிய நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். 2016 டிசம்பர் 4ஆம் தேதி பிரதமர் நஜிப் கோலாலம்பூர் தித்திவங்சாவில் ரொஹிங்கியா மக்களுக்காகப் பேரணியில் பேசி, மியன்மார் அரசைக் கடுமையாகச் சாடினார். அவர் சாடியது சரிதான். அதற்கு ஒரு வாரம் முன்பு வரை, 1எம்டிபி அரசு நிதி ஊழலுக்கு எதிராக, நேர்மையான தேர்தல் கேட்கும் பெர்சே இயக்கத்தின் பேரணியை நடத்திய மரியா சின் அப்துல்லா, இசாவுக்குப் பதிலாக வந்த சொஸ்மா சட்டத்தில் பத்து நாள் அடைபட்டிருந்தார். 2015 மே மாதம் பெர்லிஸ் எல்லையில் வாங் கெலியானில், ஆள்கடத்தல் முகாம்களுக்கு அருகே 139 புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ரொஹிங்கியா மக்கள் நம் மண்ணிலேயே செத்துப் புதைந்த இடம் அது. மியன்மார் தளபதிகளைக் கேட்ட அதே கேள்வியை அந்த மேடையில் யாரும் நம் எல்லைக் காவலைப் பார்த்துக் கேட்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொன்னால் என் வட்டாரத்திலேயே சிலருக்குக் கோபம் வரும். கொடுங்கோலர் வெளிநாட்டில் இருந்தாலும் நம் ஆள் என்று மனம் ஏற்றுக்கொண்டுவிட்டால், அப்போதும் அளவுகோல் மாறிவிடுகிறது. 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள்; யாழ்ப்பாணத்தில் சில மணி நேரக் கெடுதான். அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள். தமிழ் அரசியல் தலைவர்களான அமிர்தலிங்கம் 1989இலும் நீலன் திருச்செல்வம் 1999இலும் புலிகளால் கொல்லப்பட்டார்கள். போரின் கடைசி ஆண்டுகளில் வன்னிப் பிள்ளைகள் பலவந்தமாகப் படையில் சேர்க்கப்பட்டதை அங்கிருந்து தப்பி வந்த தாய்மார்களே சொன்னார்கள். இதையெல்லாம் ராஜபக்சே செய்திருந்தால் நாம் எத்தனை கூட்டம் போட்டிருப்போம்? ஒரு தரப்பின் மீது கேட்ட கேள்வியை மறு தரப்பின் மீதும் கேட்டிருந்தால், முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக நாம் பேசிய பேச்சுக்கு வெளியே இன்னும் மதிப்பு இருந்திருக்கும். பினாங்கிலோ ஈப்போவிலோ ஒரு மலாய்க்கார நண்பர் 1990ஐப் பற்றிக் கேட்கும்போது நம்மவர்கள் பதில் தெரியாமல் முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நேதாஜி விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. 1943இல் தோட்டத்து ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பல லயத்து வீடுகளில் அவர் படம் சாமி படங்களோடு தொங்கியது. அவரோடு கைகோத்து நின்ற ஜப்பானிய இராணுவம்தான் அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிச் சென்று சாகடித்தது. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இரண்டையும் ஒரே வீட்டில் சுமந்தார்கள். தியாகத்தைப் போற்றுவதும், அதன் கூட்டாளியின் கொடுமையைச் சொல்வதும் ஒன்றையொன்று அழித்துவிடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. உள்ளூர்த் தலைவரைத் திட்டத் துணிந்தவர்கள், எடுத்த எடுப்பிலேயே ஹிட்லர் என்றும் கடாஃபி என்றும் சொல்லிவிடுகிறார்கள். சாமிவேலு 1979 முதல் 2010 வரை 31 ஆண்டுகள் கட்சித் தலைவராக இருந்தார். கடாஃபி 42 ஆண்டுகள் லிபியாவை ஆண்டார். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டால் இருவரும் ஒன்றாகிவிட மாட்டார்கள். கடாஃபியை இறக்கப் போர் தேவைப்பட்டது. சாமிவேலுவை இந்த ஊர் மக்கள் ஒரு வாக்குச்சீட்டால் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கட்சியில் எதிர்ப்பாளர்களை ஓரங்கட்டியதையும், மைக்காவுக்குக் கணக்குச் சொல்லாமல் போனதையும் விமர்சிக்க வேண்டும்; கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. பட்டப்பெயர் வைத்துத் திட்டும்போது, கேட்க வேண்டிய சின்னக் கேள்விகள் தப்பித்துவிடுகின்றன. எந்தக் கணக்கு, எந்தக் கையெழுத்து, எந்த ஓட்டு என்று கேட்டால்தான் தலைவருக்கு வியர்க்கும்.

2018இல் ஆட்சி மாறியபோது இந்த அளவுகோல் சரியாகிவிடும் என்று பலரும் நம்பினோம். இசாவை எதிர்த்தவர்கள், அதில் அடைபட்டவர்கள், இப்போது அமைச்சர்கள். சொஸ்மாவின் கொடிய பிரிவுகளை நீக்குவோம் என்று அவர்களுடைய தேர்தல் அறிக்கை சொன்னது. 2019 அக்டோபரில் அதே சொஸ்மாவில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேர் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் ஆளும் கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர்கள், காடேக் சாமிநாதனும் சிரம்பான் ஜெயா குணசேகரனும். 2020 பிப்ரவரி 21ஆம் தேதி சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கைக் கைவிட்டார். கைப்பேசியில் பிரபாகரன் படம் வைத்திருப்பது ஒருவரைப் பயங்கரவாதியாக்கிவிடாது என்பது அவர் விளக்கத்தின் சாரம். நான்கு மாதம் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

அந்த நான்கு மாதத்தில் நம் ஊரில் நடந்ததை நான் கவனித்தேன். 2007இல் தெருவில் இறங்கிய சிலர், "நம்ம அரசாங்கம், சங்கடப்படுத்தக் கூடாது" என்று அடக்கி வாசித்தார்கள். 2007இல் வாய் மூடியிருந்த கட்சிக்காரர்கள் திடீரென்று மனித உரிமை பேசினார்கள். சட்டமும் கொடுமையும் அப்படியே இருந்தன. நாற்காலிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. தலைவர்கள் வெளிநாட்டுச் சர்வாதிகாரிக்கும் தமக்கும் வெவ்வேறு கோல் வைப்பது பழைய கதை. ஆதரவாளர்களே கட்சிக்கு ஒரு கோல் வைத்துக்கொள்வது அதைவிட வேகமாகப் பரவுகிறது. ஆதரவுக் கடிதத்துக்குக் காத்திருக்கும் தாயின் மௌனத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கட்சிச் சட்டை மாறியதும் கொள்கையை மாற்றிக்கொள்ளும் படித்தவர்களின் மௌனத்துக்கு அந்தக் காரணம் எதுவும் இல்லை.

சொஸ்மா இன்றும் உயிரோடு இருக்கிறது. பிடித்தவரை 28 நாள் வரை நீதிமன்றத்தின் கண்ணில் காட்டாமல் போலீஸ் வைத்திருக்கலாம். பயங்கரவாத வழக்குகளுக்கு மட்டுமல்லாமல் குண்டர் கும்பல் வழக்குகளுக்கும் இதே சட்டம்தான். தோட்டம் விட்டு வெளியேறி வேலையும் வீடும் நிலைக்காத குடும்பங்களின் பையன்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள். ஜாமீன் இல்லாமல் வழக்கு முடியும்வரை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் உள்ளே கிடக்கிறார்கள். குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும். குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே இளமை போய்விடும் இந்த முறையை இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று சொல்லி நாம் எதிர்க்கிறோம். எதிர்க்க வேண்டியதுதான். 1979இலிருந்து எத்தனையோ தமிழ் இளைஞர்களை அது விழுங்கியிருக்கிறது.

28 நாள் காவலைச் சொல்லும் பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். 2022 மார்ச்சில் அது 84க்கு 86 என்று இரண்டே ஓட்டில் தோற்றது. ஜூலையில் திரும்பக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்த ஐந்தாண்டு 2027 ஜூலையில் முடிகிறது. தோட்டப் பகுதித் தொகுதிகளின் உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். இலங்கைச் சட்டத்தைக் கண்டித்து அவர்களில் யார் யார் அறிக்கை விட்டார்கள் என்று தேடி எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு, சேவை மையத்துக்குத் தனியாகப் போகாமல் பத்துப் பேராகப் போய்க் கேட்க வேண்டும்: இந்தப் பிரிவு திரும்ப வந்தால் உங்கள் ஓட்டு எந்தப் பக்கம், ஐயா?